மேலவீட்டுத் தாம்பாளம் ஆறக் கூடாது

நிச்சயத்தன்று பாளையங்கோட்டை மேலவீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். பெண்ணின் அப்பா நெல்லைநாயகம் பிள்ளை, அம்மா குழல்வாய்மொழி, சித்தப்பா பால்வண்ணம், பெண் சௌந்தரவல்லி. மாப்பிள்ளை வீட்டில் தென்காசி ஈஸ்வரமூர்த்தி பிள்ளை, அவர் மனைவி சிவகாமசுந்தரி, மாப்பிள்ளை நம்பிராசன். எட்டாவதாகப் பதிகம் பாட வந்த ஓதுவார். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர்கள்.

தட்டு மாற்றிக்கொண்டபோது மேலவீட்டின் சார்பில் கைமாறியது ஒரு வெள்ளித் தாம்பாளம். நெல்லைநாயகத்தின் பாட்டனார் காலத்தது. விளிம்பில் ‘மே.வீ.’ என்று வெட்டியிருக்கும். பட்டுத்துணி சுற்றி இரும்புப் பீரோவுக்குள் கிடக்கும்; கல்யாணக் காரியம் என்றால்தான் வெளிச்சம் பார்க்கும். சாப்பாடு முடிந்து புறப்படும்போது ஈஸ்வரமூர்த்தி பிள்ளை முறைப்படி அதைத் திருப்பி நீட்டினார்.

“சம்பந்தி, சேலையும் பழமும் எடுத்துக்கிட்டோம். தாம்பாளத்தை உள்ள பத்திரமா வைங்க.”

நெல்லைநாயகம் நிமிர்ந்து நின்றார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதிலும் அவர் முதுகு நாற்காலியைத் தொட்டதில்லை.

“எங்க வீட்டுல குடுத்ததைத் திரும்ப வாங்கி உள்ள வச்சதில்ல. அது இனிமே உங்க வீட்டுத் தாம்பாளம்.”

உண்மையில் அந்தத் தாம்பாளம் அதற்கு முன் ஆறு கல்யாணங்களுக்குப் போய் ஆறு முறையும் திரும்பி வந்திருந்தது. ஆனால் தென்காசிக்காரர் கொண்டுவந்த தாம்பாளம் இரண்டு விரற்கடை அகலம் கூடுதலாக இருந்ததை அவர் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு பெருந்தன்மையைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தென்காசியிலிருந்து போன் வந்தது. ஈஸ்வரமூர்த்தி பிள்ளையின் குரல் தழுதழுத்தது.

“சம்பந்தி, நீங்க குடுத்தது தாம்பாளமில்ல, சம்பந்தி. அம்பாளையே அனுப்பி வச்சிருக்கீங்க.”

“என்ன சொல்லுதீங்க?”

“பூசையறையில வச்சோம். சாயங்காலம் ஆறு மணி, விளக்கேத்துற நேரம். தொட்டா சுடுது! மேல வச்ச நெய்யி தானா உருகுது. எட்டு மணிக்கு மெல்ல ஆறிருது. நேத்தும் அதே ஆறு மணி, அதே எட்டு மணி. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு.”

அந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் ஏன் சுடுகிறது என்று கேட்டிருப்பார். நெல்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்க வீட்டுத் தாம்பாளம் அப்படித்தான் சம்பந்தி. நாங்க வெளிய சொல்லிக்கிடுறதில்ல.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வல்லி நிற்கிறாள். கையில் பட்டுத்துணி.

“அப்பா, பீரோவுல இது மட்டுந்தான் கெடக்கு. தாம்பாளம் எங்கே?”

“சம்பந்தி வீட்டுல.”

“எப்ப வரும்?”

“வராது.”

வல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. மாநகராட்சியில் பாதாளச் சாக்கடைப் பிரிவில் பொறியாளர். ‘கோட்டைக்காவல்’ என்ற கணினி விளையாட்டில் மாநிலத்தில் நாற்பதாவது இடம். முதல் விஷயம் அப்பாவுக்குத் தெரியும். இரண்டாவது விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் எழுந்து போய்த் தன் அறையிலிருந்து மூன்று அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷமாக நெல்லைநாயகம் அதை அவளுடைய மத்தியானச் சாப்பாடு என்று நினைத்திருந்தார். கேரியரிலிருந்து ஏன் வயர் தொங்குகிறது என்று அவர் கேட்டதில்லை. வளர்ந்த பெண்ணின் சாமான்களை நோண்டுவது அழகல்ல என்பது அவர் கொள்கை.

“இது கம்ப்யூட்டர்ப்பா. நானே கட்டினது. கீழ் அடுக்குல மின்சாரம், நடு அடுக்குல போர்டு, மேல் அடுக்குல கிராபிக்ஸ் கார்டு.”

“இவ்வளவு சின்னதா எதுக்கு?”

“பெருசா யாரும் கட்டிரலாம். சின்னதுல அடக்குறதுதான் வித்தை.”

“அடக்கிட்டியா?”

“எல்லாம் அடங்கிருச்சு. சூடு மட்டும் அடங்கல.”

உள்ளே விசிறி வைக்க இடமில்லை. அதனால் இணைத்தகடு வாங்கியிருந்தாள். வெங்காயத் தோல் போல மெல்லிசாக இருக்கும் அந்தத் தகட்டைப் பற்றி நெல்லைநாயகமும் கேள்விப்பட்டிருந்தார், நல்லவிதமாக அல்ல.

“ஒரே தகட்டை ரெண்டா வெட்டி விக்காங்க. ஆனா வெட்டுனது அதுக்கு இன்னும் தெரியாதுப்பா. ஒரு பாதி இங்க சுட்டா மறுபாதி எந்த ஊர்ல இருந்தாலும் சுடும். ஒரு பாதியைக் கார்டு மேல ஒட்டினேன். மறுபாதியை…”

“தாம்பாளத்துல.”

“அடியில. வெள்ளி மாதிரி சூட்டை வாங்கிப் பரத்துறது எதுவும் கிடையாதுப்பா. பீரோவுக்குள்ள சும்மாதான கெடக்குன்னு நெனச்சேன். என்ன, பீரோவுல காத்தோட்டம் இல்லாததால எப்பவும் எண்பத்தொன்பது டிகிரி காட்டும். முந்தாநாள்ல இருந்து அறுபத்திரண்டு! இந்தக் கேரியர் இவ்வளவு குளுந்து நான் பாத்ததே இல்ல. அந்தச் சந்தோசத்துலதான் பீரோவைத் தொறந்தேன்.”

நெல்லைநாயகம் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். காரணம் இருந்தது. இணைத்தகடு வந்த புதிதில் வசதியுள்ளவர்கள் தங்கள் இயந்திரங்களின் சூட்டைக் கண்ட இடத்தில் கொட்டினார்கள். பஸ் நிறுத்தத்து பெஞ்சின் அடியில் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். ஒரு குடிசைப் பகுதியில் சுவர்கள் எல்லாம் சித்திரை மாதத்தில் அடுப்பாகக் கொதித்து, குழந்தைகள் தெருவிலேயே கிடந்தார்கள். அப்புறம்தான் சட்டம் வந்தது. தன் வீட்டுச் சூடு தன் வீட்டில்தான் இறங்க வேண்டும். அடுத்தவர் வீட்டில் கொட்டினால் சிறையில்லை, அபராதமில்லை. குடும்பத் தலைவரின் பெயரை வார்டு அலுவலக வாசலில் பலகையில் எழுதி ஒரு வருஷம் தொங்கவிடுவார்கள். அந்தச் சட்டம் வந்த நாளில் இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது என்று கூடத்தில் உட்கார்ந்து பாராட்டியவர் நெல்லைநாயகம்.

“அணைச்சிரு,” என்றார். “இனிமே அதைத் தொடாதே.”

நான்கு நாள் கேரியர் குளிர்ந்து கிடந்தது. ஐந்தாம் நாள் மறுபடியும் போன்.

“சம்பந்தி, தாம்பாளம் ஆறிப்போச்சு.” ஈஸ்வரமூர்த்தி பிள்ளையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நாலு நாளா கல்லு மாதிரி கெடக்கு. தெருவுல ஒவ்வொருத்தன் ஒண்ணொண்ணு சொல்லுதான். சம்பந்தம் பேசின வேளை சரியில்ல, அம்பாளுக்குப் பிடிக்கல, பொண்ணு ராசி என்னமோ… எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா பெரியவங்க தேதியத் தள்ளிப் போடச் சொல்லுதாங்க.”

நெல்லைநாயகம் போனை வைத்தார். குழல்வாய்மொழி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். வல்லி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

“எனக்கு நம்பியைப் பிடிச்சிருக்குப்பா. எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும்,” என்றாள். அந்த வீட்டில் ஒரு பெண் இதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அப்போ போய் விளையாடு,” என்றார் நெல்லைநாயகம். அந்த வீட்டில் ஒரு தகப்பன் இதைச் சொன்னதும் அதுதான் முதல் தடவை.

தாம்பாளம் சூடானது. தென்காசி தெரு மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆனால் வெளியூர்க்காரர்கள் காலையிலும் வர ஆரம்பித்தார்கள். காலையில் வந்தவனுக்கு ஆறிப்போன தாம்பாளத்தைக் காட்ட முடியுமா? வல்லி அலுவலகம் போயாக வேண்டும். கேரியரைச் சும்மா ஓடவிட்டால் சூடு வராது; கோட்டைக்காவல் மாதிரி கனமான விளையாட்டை விளையாடினால்தான் வரும். ஆகவே குடும்பம் முறை போட்டுக்கொண்டது. காலை எட்டிலிருந்து பத்து வரை நெல்லைநாயகம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை குழல்வாய்மொழி. மத்தியானம் பால்வண்ணம். சாயங்காலம் வல்லி.

“அஞ்சு பேரு சேர்ந்து கோட்டையைக் காக்கணும்ப்பா. எதிரி வந்தா மதிலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடணும். அப்புறம் சுடணும்.”

“ஒளியணுமா?”

“ஆமா.”

“எதுக்கு?”

அவர் ஒளியவில்லை. இரண்டு மணி நேரமும் கோட்டை வாசலில் நட்ட நடுவில் நின்றார். எதிரி ஓடி வந்தால் மைக்கில் கேட்பார்: “நீரு எந்தூருவே? யாரு மவன்?” அவன் பதிலுக்குச் சுட்டுவிடுவான். மறுபடியும் உயிர் வந்ததும் அதே இடத்தில் போய் நிற்பார். கூட விளையாடிய முன்பின் தெரியாத பையன்கள் கதறினார்கள். “ஏல, யாருல இந்தத் தாத்தா? அக்கா ஐடில வந்து வாசல்ல நின்னு வரவேற்புக் குடுக்காரு!” வாரக் கடைசியில் வல்லியின் இடம் நாற்பதிலிருந்து ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்குப் போயிருந்தது. மூன்று வருஷ உழைப்பு. அவள் திரையைப் பார்த்தாள். நெல்லைநாயகமும் அதைப் பார்த்தார். வாசலில் நிற்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

குழல்வாய்மொழி வேறு மாதிரி. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்து உட்காருவாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் எதிரிகளை ஒவ்வொருவராக எடுத்துப் போடுவாள். நாலாவது விசில் வருவதற்குள் கோட்டை அவள் கையில் இருக்கும்.

“எங்கே மதினி படிச்சீங்க இதை?” என்று பால்வண்ணம் வாயைப் பிளந்தார்.

“முப்பத்தஞ்சு வருசம் உங்க அண்ணனோட குடும்பம் நடத்தியிருக்கேன். ஒளிஞ்சு நின்னு காரியம் பாக்க எனக்கா தெரியாது?”

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு ஐந்து வாரம். அப்போதுதான் கேரியர் புத்தி பேதலித்தது. யாருமே விளையாடாத நேரத்தில் தொண்ணூற்றேழு டிகிரி காட்டியது. எவர்சில்வர் மூடியில் கைவைக்க முடியவில்லை. வல்லி அதை அரைமணி நேரம் குனிந்து பார்த்தாள்.

“அப்பா, இது நம்ம சூடு இல்ல. தகடு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான? அவங்க அங்கேருந்து அனுப்புதாங்க.”

“கற்பூரத்தைத் தாம்பாளத்து மேலேயே ஏத்துதாங்களோ?” என்றார் பால்வண்ணம்.

“என்னத்தை ஏத்துனாலும் சரி. இன்னும் நாலு தடவை இப்படிச் சுட்டா கார்டு வெந்துரும். வெந்துட்டா தாம்பாளம் நம்ம கையில இல்ல.”

பால்வண்ணம் யோசனைக்காரர். மறுநாள் காலை யாரையும் கேட்காமல் மீன் மார்க்கெட் பக்கம் போய் ஒரு பெரிய ஐஸ் கட்டி வாங்கி வந்து, அண்டாவில் போட்டு, அதற்கு நடுவில் கேரியரை இறக்கிவிட்டார். கேரியர் சுகமாகக் குளிர்ந்தது. கால்மணி நேரத்தில் தென்காசியிலிருந்து போன்.

“சம்பந்தி! தாம்பாளம் பூரா தண்ணி முத்து முத்தா நிக்குது! அம்பாளுக்கு வேர்க்குது சம்பந்தி! ஒருத்தன் ‘அழுதா’ங்கான், ஒருத்தன் ‘கோவம்’ங்கான். பூசாரி ஒரு மண்டலத்துக்கு எந்த நல்ல காரியமும் வேண்டாங்காரு. அப்ப கல்யாணம்?”

நெல்லைநாயகம் தம்பியைப் பார்த்தார். பால்வண்ணம் அண்டாவைப் பார்த்தார்.

அன்று பகல் முழுவதும் நெல்லைநாயகம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் பொய்க் கையெழுத்து ஒன்று போட்டதில்லை. இப்போது ஒரு ஊரே விழுந்து கும்பிடுவது தன் மகளின் விளையாட்டுச் சாமானை. அதை மறைக்க மறைக்க நாள் தள்ளிப்போகிறது. சொன்னால் பெயர் பலகையில் ஏறுகிறது. பெயர் ஏறிய வீட்டில் எந்தக் குடும்பம் பெண் எடுக்கும்? சாயங்காலம் மகளைக் கூப்பிட்டார்.

“நாளைக்குத் தென்காசி போறேன். உள்ளதைச் சொல்லிருதேன்.”

“பலகைப்பா?”

“என் பேருதான? தொங்கட்டும். நீ செஞ்சது சின்னப் புள்ள காரியம். ‘எங்க வீட்டுத் தாம்பாளம் அப்படித்தான்’னு சொன்னது நான்.”

மறுநாள் காலை எட்டரை மணிப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். உட்கார இடம் இருந்தது. பத்தேகாலுக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் இருந்தார். ஈஸ்வரமூர்த்தி பிள்ளை கோவிலுக்குப் போயிருந்தார். சிவகாமசுந்தரி வந்து வரவேற்றாள்.

“வாங்கண்ணே. இப்படித் திடீர்னு?”

“அம்மா, நான் ஒரு விஷயம் சொல்லணும். தாம்பாளத்தைப் பத்தி.”

“முதல்ல பூசையறைக்கு வாங்க,” என்று அவள் உள்ளே நடந்தாள்.

பூசையறையில் மணைப்பலகைமேல் மாலையும் குங்குமமுமாகத் தாம்பாளம் இருந்தது. சிவகாமசுந்தரி அதன் விளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்கினாள். அடியில் ஒரு இஸ்திரிப் பெட்டி. வயர் மணைப்பலகைக்குப் பின்னால் ஓடியது. அவள் பெட்டியை நிதானமாக உருவித் தரையில் வைத்தாள்.

“எட்டு மணிக்கு எடுத்துருப்பேன். இன்னைக்கு மறந்துட்டேன். எட்டு மணிதான உங்க வீட்டுச் சூடு வர்ற நேரம்.”

நெல்லைநாயகம் பெட்டியையும் அவள் முகத்தையும் பார்த்தார்.

“முப்பது வருசம் கவர்மெண்ட் ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுத்தவண்ணே நான். ரெண்டாம் நாளே திருநீறு போட்டுத் துலக்கையில அடியில தகட்டைப் பாத்துட்டேன். புள்ளைக்கு ஏதோ கம்ப்யூட்டர் இருக்கும்னு நெனச்சேன். அதுக்குள்ள இவுக தெரு முழுக்கச் சொல்லிட்டாவ. நாலு நாளு ஆறிக் கெடந்தப்போ இவுக தண்ணி கூடக் குடிக்கல. வந்தவங்க உங்க பொண்ணைச் சொன்னாங்க. வீட்டுக்கு வரப்போற புள்ளையை ராசியில்லாதவன்னு நான் சொல்லவிட்டுருவேனா? இப்ப விடியக்காலமே ஆளு வந்துருது, ஆறுனா சொல்லுவாங்க, அதான் ஆறவிடாம பாத்துக்கிட்டேன்.”

“நாங்களும் அதுக்குத்தாம்மா…”

“தெரியுது. ரெண்டு வீடும் மாறி மாறி ஒரே தாம்பாளத்தைக் காய்ச்சிக்கிட்டு இருந்திருக்கோம். நேத்து ஐஸ் வச்சது யாரு?”

“என் தம்பி.”

“அவரைக் கொஞ்சம் கட்டி வைங்க.”

“அம்மா, நான் இதைச் சம்பந்திக்கிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

சிவகாமசுந்தரியின் குரல் இறங்கியது. “சொல்லாதீங்கண்ணே. சொன்னா உங்க பேரு ஒரு வருசம் பலகையில இருக்கும், அப்புறம் எடுத்துருவாங்க. இவுக பேரு பலகையில ஏறாமலே தெருவுல போயிரும். அதை யாரு எடுப்பா? இத்தனை வயசுக்கு இவுகளை யாரும் தேடி வந்ததில்ல. இப்ப தினம் அம்பது பேரு வாராக.”

உண்மையைச் சொல்லத் துணிந்து ஐம்பது கிலோமீட்டர் வந்தவருக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை என்று தெரிந்தபோது என்ன செய்வது என்று தெரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம். தெருக்காரர்கள் இரண்டு பேரோடு ஈஸ்வரமூர்த்தி பிள்ளை உள்ளே வந்தார். சிவகாமசுந்தரி முந்தானையைத் தழையவிட்டு இஸ்திரிப் பெட்டியை மறைத்துக்கொண்டாள்.

“சம்பந்தியா! என்ன, சொல்லாம கொள்ளாம?”

மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். நெல்லைநாயகம் தாம்பாளத்தின் பக்கம் திரும்பினார்.

“அம்பாளைப் பாக்கணும்னு தோணிச்சு,” என்றார்.

சொன்ன பிறகு சும்மா நிற்க முடியாது. வலது உள்ளங்கையைத் தாம்பாளத்தின்மேல் வைத்தார். இஸ்திரிப் பெட்டியின் சூடு அடங்கிவிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொரு சூடு ஏறத் தொடங்கியது. பால்வண்ணத்தின் சூடாக இருந்தால் தவ்வித் தவ்வி வரும். இது அப்படியில்லை, நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், நின்று நின்று ஏறியது. மணி பத்தரை. அடுப்பில் குக்கர் இருக்கும். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் அவர் மனைவி மதிலுக்குப் பின்னால் ஒளிந்து அவருடைய கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் கையை இவ்வளவு நேரம் அவர் பிடித்திருந்ததில்லை. அவர் கையை எடுக்கவே இல்லை. தெருக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பஸ் ஏற்றிவிட ஈஸ்வரமூர்த்தி பிள்ளை கூட நடந்து வந்தார். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. எப்போதும் கஞ்சி போட்ட வேட்டியில் மொடமொடவென்று இருக்கும் மனிதர் அன்று கசங்கிக் கிடந்தார்.

“சம்பந்தி,” என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. “கல்யாணத்துக்கு மகளுக்குச் சீரு என்ன வைக்கீங்களோ எனக்குத் தெரியாது. ஒரு இஸ்திரிப் பெட்டி வைங்க.”

நெல்லைநாயகம் சட்டென்று திரும்பினார்.

“நாலஞ்சு நாளா சுருக்கு வேட்டி கட்டுதேன். வீட்டுல இருந்த பெட்டி எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியாதா?” ஈஸ்வரமூர்த்தி பிள்ளை இன்னும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்காகத்தான் அவ தினம் குனிஞ்சு குனிஞ்சு வைக்கா. தெரியும்னு நான் சொல்லிட்டா அவ பாடு வீணாப் போயிரும். நீங்களும் சொல்லிராதீங்க. பூசாரியை நான் பேசிக்கிடுதேன்.”

பஸ் வந்தது. இந்த முறை நெல்லைநாயகம் உட்கார்ந்தார்.

கல்யாணம் வைகாசி பதினேழாம் தேதி, குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. வல்லி டிபன் கேரியரோடு தென்காசி போனாள். தகட்டின் இரண்டு பாதியும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டதால் சட்டப்படியும் குறையில்லை. மேலவீட்டின் பெயர் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

தாம்பாளத்தின்மேல் கைவைத்து நின்றபோது நெல்லைநாயகம் பிள்ளைக்குக் கண்ணில் நீர் கட்டியதற்குக் காரணம் கற்பூரப் புகை என்று குடும்பத்தில் சிலர் சொல்லிவருகிறார்கள். அது தவறு. அன்று அந்த வீட்டில் யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.